மஞ்சப்பை நிறைய ரசீது இருக்கிறது, கோர்ட்டில் எதைக் காட்டுவது?

கேள்வி: மதுரை விளாங்குடியில் வாடகை வீட்டில் அம்மாவோடும் என் இரண்டு பிள்ளைகளோடும் இருக்கிறேன். மகள் நான்காம் வகுப்பு, மகன் யூகேஜி. ஜவுளிக்கடையில் பில்லிங் வேலை, சம்பளம் 12,500. கணவர் கீழமாசி வீதிப் பக்கம் மளிகை மொத்த வியாபாரம் செய்துவந்தார். பிரிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. பிள்ளைகளுக்குத் தலைக்கு 10,000 கேட்டுக் குடும்பநல நீதிமன்றத்தில் எம்.சி. (ஜீவனாம்ச) மனு போட்டிருக்கிறேன். அவரோ, “கடை அண்ணன் பெயரில் இருக்கிறது, அங்கே கணக்கு எழுதி 14,000 சம்பளம் வாங்குகிறேன்” என்று பதில் மனு போட்டிருக்கிறார். சொத்து, கடன் விவரப் பிரமாணப் பத்திரம் கொடுக்க அடுத்த வாய்தாவுக்கு ஐந்து வாரம்தான் இருக்கிறது. ரசீதுகளை எல்லாம் ஒரு மஞ்சப்பையில் போட்டு வைத்திருக்கிறேன். வக்கீல் “எல்லாத்தையும் கொண்டாங்க” என்கிறார். எதை, எப்படிக் கொண்டுபோவது? மகளையும் அழைத்துப் போகவேண்டுமா?

பதில்: பையை அப்படியே வக்கீலிடம் கொடுக்காதீர்கள் சகோதரி. கொடுத்தால் எல்லாம் ஜெராக்ஸ் ஆகி, தைக்கப்பட்டு, நூறு பக்கக் கட்டாகக் கோர்ட்டுக்குப் போகும். அதை அங்கே உட்கார்ந்து யாரும் கூட்டிப் பார்க்கப் போவதில்லை. நீதிபதிக்குத் தேவை ஒரே ஒரு தாள்: இந்த இரண்டு பிள்ளைகளுக்கு மாதம் எவ்வளவு ஆகிறது என்ற தாள். ரசீதுகள் அந்தத் தாளின் ஒவ்வொரு வரிக்கும் சாட்சி. ஆகவே தாளை முதலில் எழுதுங்கள், பையை அப்புறம் பிரியுங்கள்.

சட்டத்தை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். ஜீவனாம்சத்துக்கான பழைய குற்றவியல் நடைமுறைச் சட்ட 125-வது பிரிவுதான் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவு. சொத்து, கடன் பிரமாணப் பத்திரம் என்பது உச்ச நீதிமன்றம் 4.11.2020 அன்று ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் வகுத்துக் கொடுத்த படிவம். அதை நீங்களும் கொடுக்கவேண்டும், அவரும் கொடுக்கவேண்டும். அவருக்கு அதிகபட்சம் நான்கு வாரம். அதைத் தாண்டி இரண்டு வாய்தாவுக்கு மேல் இழுத்தடித்து, அது வேண்டுமென்றே செய்வதாகத் தெரிந்தால் அவருடைய எதிர்வாதத்தையே நீக்கும்படி கேட்கலாம். இடைக்கால ஜீவனாம்சத்துக்குத் தனி மனு போட்டிருக்கிறார்களா என்று இன்றே வக்கீலிடம் கேளுங்கள். அவருக்கு நோட்டீஸ் சார்வான (கிடைத்த) நாளிலிருந்து கூடியவரை 60 நாளுக்குள் அதை முடிக்கவேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பிரதான வழக்கு முடியும்வரை பள்ளிக்கூடம் காத்திருக்காது.

இப்போது அந்தத் தாள். பொதுவாக நடக்கும் தப்பு, பெரிய செலவு வந்த மாதத்தை எடுத்துக்கொண்டு அதையே மாதச் செலவு என்று எழுதுவது. ஜூன் மாதத்தில் ஃபீஸ், புத்தகம், ஷூ எல்லாம் சேர்ந்து முப்பதாயிரம் போயிருக்கும். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் ஆகஸ்ட் மாதத்தைப் பற்றிக் கேட்பார். அதனால் வருடக் கணக்குப் போட்டு 12-ஆல் வகுங்கள். உங்கள் கடிதத்தில் செலவு விவரம் இல்லாததால், உங்களைப் போன்ற குடும்பத்துக்கு ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்களை உங்கள் ரசீதுப்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

மகளுக்கு மூன்று டெர்ம் ஃபீஸ் 27,000, புத்தகம் நோட்டு 4,200, சீருடை ஷூ 2,400. வேன் மாதம் 900, ஆனால் பத்து மாதம்தான், ஆக 9,000. மொத்தம் 42,600, மாதத்துக்கு 3,550. மகனுக்கு அதே மாதிரி 21,000, 2,600, 1,800, வேன் 9,000. மொத்தம் 34,400, மாதத்துக்கு 2,867. டியூஷன் மாதம் 600 என்றாலும் அதுவும் பத்து மாதக் கணக்கு, ஆக மாதச் சராசரி 500. வேனையும் டியூஷனையும் 12 மாதத்துக்கு எழுதி மாட்டிக்கொள்பவர்கள் அதிகம். மே மாதம் வேன் ஓடாது என்பது எதிர் வக்கீலுக்கும் தெரியும்.

வீட்டுச் செலவில் தலைக்கணக்கு. வீட்டில் நான்கு பேர், அதில் பிள்ளைகள் இரண்டு. வாடகை 6,500 என்றால் பிள்ளைகள் பங்கு 3,250. கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவது. 760 ரூபாய் வந்தால் மாதம் 380, பிள்ளைகளுக்கு 190. 900 ரூபாய் சிலிண்டர் 40 நாள் வந்தால் மாதம் 675, பாதி 338. மளிகை, காய்கறி, முட்டை 8,000 என்றால் 4,000. பால் மட்டும் முழுக்கப் பிள்ளைகளுக்கு என்றால் தனியாக 1,320 என்று எழுதலாம். மருத்துவத்துக்குக் கடந்த 12 மாதப் பில்லைக் கூட்டுங்கள். 9,600 வந்தால் மாதம் 800. துணிமணி, தீபாவளி பொங்கல் உட்பட வருடம் 7,200 என்றால் 600.

கூட்டினால் 17,415 வருகிறது. நீங்கள் மனுவில் கேட்டிருப்பது 20,000. இந்த வித்தியாசத்துக்குப் பதில் தயாராக இருக்கவேண்டும். மகன் அடுத்த வருடம் ஒன்றாம் வகுப்பு போகிறான், ஃபீஸ் கூடும் என்றால் அடுத்த ஆண்டுக் கட்டண விவரத்தைப் பள்ளியின் லெட்டர்பேடில் வாங்கி வையுங்கள். அது நியாயமான பதில். அப்படி எதுவும் இல்லையென்றால் தாளில் இருக்கிற தொகையையே கோர்ட்டில் சொல்லுங்கள். 17,415 என்று ரசீதோடு சொல்பவருக்கு இருக்கும் மதிப்பு, 20,000 என்று உத்தேசமாகச் சொல்பவருக்கு இருக்காது. பிறந்தநாள் கேக், தீம் பார்க் போனது இதையெல்லாம் சேர்க்காதீர்கள்.

இன்னொன்று. மகன் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 25 சதவீத இலவச இடத்தில் சேர்ந்திருந்தால் அவனுக்கு ஃபீஸ் எழுதக்கூடாது. வேன், நோட்டு போன்று நீங்கள் உண்மையில் கட்டுவதை மட்டும் எழுதுங்கள்.

இனி பையைப் பிரிக்கலாம். முதலில் தெர்மல் பேப்பர் பில்கள். மருந்துக்கடை, சூப்பர் மார்க்கெட் பில்லெல்லாம் வெயிலில் வைத்தால் சில மாதத்தில் வெள்ளைத் தாளாகிவிடும், சித்திரை மாதத்து மதுரையில் இன்னும் சீக்கிரம். இன்றே ஜெராக்ஸ் எடுத்து, அசலைப் பின்னால் பின் அடித்து வையுங்கள். மருந்து பில்லோடு டாக்டர் சீட்டு சேர்ந்திருக்கவேண்டும். சீட்டில் பிள்ளையின் பெயர் இல்லையென்றால் அந்த பில் பாட்டிக்கு வாங்கிய மருந்து என்று சொல்லிவிடுவார்கள். மளிகைக்கு 12 மாத பில்லும் தேவையில்லை, தொடர்ந்து மூன்று மாதம் போதும்.

பள்ளி ரசீது தொலைந்திருந்தால் தலைமை ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதி, இரண்டு கல்வியாண்டுக்கும் டெர்ம் வாரியாகக் கட்டிய தொகைக்குச் சான்று கேளுங்கள். அந்தச் சமயத்திலேயே பிள்ளைகளைச் சேர்த்தபோது கொடுத்த விண்ணப்பத்தின் நகலையும் கேளுங்கள். அதில் தகப்பனாரின் தொழில், வருமானம் என்று ஒரு கட்டம் இருக்கும். அதை நிரப்பியது அவர் கையெழுத்தாக இருந்தால் இந்தப் பை முழுவதையும்விட அந்த ஒரு தாள் கனமானது.

வங்கிக் கணக்குக்குப் படிவம் கேட்பது மூன்று வருட விவரம். பாஸ்புக் ஜெராக்ஸ் போதாது. நெடுநாள் பதியாமல் விட்ட பாஸ்புக்கில் பழைய வரவு செலவுகளை மொத்தமாகச் சேர்த்து ஒரே வரியாக அச்சிட்டுவிடுவார்கள். கிளைக்கு எழுதிக் கொடுத்து, முத்திரை, கையெழுத்தோடும், வங்கிப் புத்தகச் சாட்சியச் சட்டப்படி சான்றோடும் ஸ்டேட்மென்ட் வாங்குங்கள். இதற்குச் சில நாள் பிடிக்கும், ஆகையால் இந்த வாரம் செய்யவேண்டிய முதல் வேலை இதுதான். ஜிபே ஸ்கிரீன்ஷாட்டுகளை நம்பி நிற்காதீர்கள். ஒவ்வொன்றிலும் 12 இலக்க யுபிஐ எண் இருக்கும். அதே எண் ஸ்டேட்மென்டில் எந்த வரியில் வருகிறதோ அங்கே பென்சிலால் ‘வேன்’, ‘டெர்ம் 2’ என்று குறியுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் சான்றாவணமாகக் குறியீடு செய்யப் போனால் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-வது பிரிவுப்படி மின்னணு ஆவணத்துக்குத் தரவேண்டிய சான்றிதழ் எங்கே என்ற ஆட்சேபணை வரும். வங்கி முத்திரையிட்ட ஸ்டேட்மென்டில் அந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது உங்கள் சொந்த வருமானம். நல்ல வழக்கைப் பெண்கள் கெடுத்துக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். 12,500 சம்பளத்தை மறைத்து ‘வருமானம் இல்லை’ என்று சத்தியம் செய்துவிட்டு, கடைக்காரர் சாட்சிக்கு வந்தால் பிள்ளைகளின் செலவுக் கணக்கும் சேர்ந்து அடிபடும். பொய்ப் பிரமாணத்துக்குத் தனி நடவடிக்கை வேறு. சம்பளம் கையில் வாங்கினாலும் முதலாளியிடம் சான்று வாங்குங்கள். மாதாமாதம் கணக்கில் மகளிர் உரிமைத் தொகை விழுந்தால் அதையும் எழுதுங்கள். இரவில் ரவிக்கை தைத்து வருவது இருந்தால் அதையும் சராசரியாக எழுதுங்கள். அண்ணன் தம்பி போட்டுவிட்ட பணம் ஸ்டேட்மென்டில் வருமானம் மாதிரியே தெரியும். யார், எதற்கு என்று பக்கத்தில் குறித்துவிடுங்கள். நீங்கள் சம்பாதிப்பதால் பிள்ளைகளின் உரிமை போய்விடாது. படிப்புச் செலவைச் சாதாரணமாகத் தகப்பன்தான் ஏற்கவேண்டும், மனைவி போதிய அளவு சம்பாதித்தால் இருவரும் அவரவர் வருமானத்துக்கு ஏற்பப் பங்கிடலாம் என்பதுதான் அந்த 2020 தீர்ப்பின் நிலை.

பிரிந்த பிறகு அவர் தீபாவளிக்கு 3,000 அனுப்பியிருந்தால் அதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். அவர் வாயால் அது வரக்கூடாது.

கடன் பகுதியைக் காலியாக விடாதீர்கள். ஃபீஸ் கட்ட நகை அடகு வைத்திருந்தால் அந்த ரசீது, மகளிர் குழுக் கடன் பாஸ்புக், வாராந்திரக் கடன் அட்டை எல்லாம் இங்கே வரும். அடகு வைத்த தேதியும் டெர்ம் ஃபீஸ் கட்டிய தேதியும் அடுத்தடுத்து இருந்தால் இரண்டையும் ஒரே பக்கத்தில் வையுங்கள், விளக்கமே வேண்டாம். கைமாத்து வாங்கியதற்குப் பேப்பர் இருக்காது. பெயர், உறவு, தொகை, தேதி எழுதினால் போதும். இதற்காகப் பழைய தேதி போட்டுப் புரோநோட்டு எழுதுகிற வேலை மட்டும் வேண்டாம். அதே மாதிரி, சொந்தக்காரர் வீட்டில் வாடகை இல்லாமல் இருப்பவர்கள் புதிதாக வாடகை ஒப்பந்தம் உருவாக்குவதும் வேண்டாம்.

இப்போது அவர் பக்கம். 14,000 சம்பளக் கதைக்கு வருவோம். கடைக்குச் சொந்தக்காரரே அண்ணனாக இருக்கும்போது அந்தச் சம்பளச் சான்றுக்கு எடை குறைவு. ஆனால் ‘அவர் நிறையச் சம்பாதிக்கிறார்’ என்று நீங்கள் சொல்வதற்கும் எடை இல்லை. தடயங்கள் வேண்டும், அவை பெரும்பாலும் பொதுவெளியிலேயே கிடக்கும்.

பழைய பில் புக் தாள் ஒன்று கிடைத்தால் அதில் ஜிஎஸ்டி எண் இருக்கும். ஜிஎஸ்டி தளத்தில் லாகின் இல்லாமலே அந்த எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். பதிவு யார் பெயரில், எந்தத் தேதியில் தொடங்கியது, ரத்தானதா, முகவரி என்ன என்பது வரும். விற்றுமுதல் தெரியாது, தேதிகள்தான் தெரியும். அந்தத் தேதிகளே போதும். அவர் பெயரிலிருந்த பதிவு ரத்தாகி, அதே முகவரியில் அண்ணன் பெயரில் புதுப் பதிவு, உங்களுக்குள் தகராறு முற்றிய பிறகு வந்திருந்தால் கதை தானாகப் புரியும். மளிகைக் கடை என்பதால் உணவுப் பாதுகாப்பு உரிமம் 14 இலக்க எண்ணோடு கடையில் மாட்டியிருப்பார்கள். அது யார் பெயரில் என்று பாருங்கள். கடை க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்தால் பணம் யார் கணக்குக்குப் போகிறது என்ற பெயர் திரையில் வரும். கல்யாணப் பத்திரிகை, வரன் பார்த்தபோது கொடுத்த பயோடேட்டா, விசிட்டிங் கார்டு, இவற்றில் ‘உரிமையாளர்’ என்று போட்டிருந்தால் எடுத்து வையுங்கள். மாப்பிள்ளை பார்க்கும்போது யாரும் வருமானத்தைக் குறைத்துச் சொல்வதில்லை.

சொத்துக்கு வில்லங்கச் சான்று. மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் குடும்ப நிலம் இருந்தால் கிராமப் பெயரும் சர்வே எண்ணும் தெரிந்தால் போதும், பதிவுத்துறை தளத்தில் வில்லங்கத்தை இலவசமாகப் பார்க்கலாம். பட்டா, சிட்டா வருவாய்த்துறை இணையச் சேவையில் கிடைக்கும். கல்யாணமான வருடத்திலிருந்து இன்றுவரை பாருங்கள். இரண்டு விஷயம் தேடவேண்டும். ஒன்று, சண்டை வந்த பிறகு அண்ணனுக்கோ அப்பாவுக்கோ எழுதிக் கொடுத்த செட்டில்மென்ட், விடுதலைப் பத்திரம். திருமணக் காலத்தில் கைமாற்றிய சொத்தைப் பிரமாணப் பத்திரத்தில் அவர் காட்டியே ஆகவேண்டும். காட்டாவிட்டால் அங்கேயே மாட்டிக்கொள்வார். இரண்டாவது, உரிமை ஆவண ஒப்படைப்புப் பதிவு. வங்கியில் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கினால் நம் மாநிலத்தில் அது பதிவாகும். வங்கியின் பெயர், கடன் தொகை இரண்டும் வில்லங்கத்தில் தெரியும். மாமனார் பெயரில் இருக்கும் நிலம் மட்டும் அவருடைய சொத்தாகிவிடாது. பூர்வீகச் சொத்தில் பங்கு இருந்தால் ‘பூர்வீகம்’ என்று தனியாகக் குறிப்பிடுங்கள், மிகைப்படுத்தாதீர்கள்.

வங்கிப் பெயர் தெரிந்தது ஏன் முக்கியம் என்றால், கடன் கேட்டபோது அவர் வருமான வரி ரிட்டனும் கடைக் கணக்கும் கொடுத்திருப்பார். கோர்ட் மூலமாக அந்தக் கடன் கோப்பை வரவழைக்க அதே நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94-வது பிரிவில் மனுப் போடலாம். அதில் கிளை, கணக்கு எண் அல்லது கடன் ஆவண எண், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை என்று குறிப்பாக எழுதவேண்டும். ‘எதிர்மனுதாரரின் எல்லா வங்கிக் கணக்குகளும்’ என்று கேட்டால் துழாவுகிற மனு என்று தள்ளிவிடுவார்கள். ஒன்றும் செய்யாதது மாதிரி அவருடைய பழைய பாஸ்வேர்டு போட்டு வருமான வரித் தளத்திலோ மெயிலிலோ நுழைந்து எடுக்க ஆசை வரும். அது தகவல் தொழில்நுட்பச் சட்டக் குற்றம். உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கும் பழைய ரிட்டன் நகலைக் கொடுப்பது வேறு, புகுந்து எடுப்பது வேறு.

அவர் தவணைகளைக் காட்டி, கையில் மிஞ்சுவது நாலாயிரம்தான் என்பார். வரி, பி.எஃப். போன்ற கட்டாயப் பிடித்தங்களைத்தான் பொதுவாகக் கழிப்பார்கள். தனக்காக வாங்கிய கார் தவணை பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு முன்னால் நிற்காது. வேலையே இல்லை என்றாலும், உடல் திடமாக இருக்கும் கணவன் உழைத்தாவது கொடுக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-இலும் சொல்லியிருக்கிறது. ‘சம்பளத்தில் 25 சதவீதம்’ என்று அக்கம்பக்கத்தில் சொல்லும் கணக்கை நம்பி வழக்கை நடத்தவேண்டாம். அது 2017-இல் ஒரு மனைவியின் ஜீவனாம்சம் குறித்து வந்த தீர்ப்பிலிருந்து கிளம்பியது, பிள்ளைகளுக்கான சூத்திரம் அல்ல.

தாக்கலுக்கு மூன்று செட் வேண்டும்: கோர்ட்டுக்கு, எதிர்த்தரப்புக்கு, உங்களுக்கு. முன்னால் ஒரு பக்க மாதக் கணக்கு, அதன் வலது ஓரத்தில் ஒவ்வொரு வரிக்கும் ‘பக்கம் 12–15’ என்று குறிப்பு. பிறகு பிள்ளைகளின் பிறப்புச் சான்று, பள்ளி, மருத்துவம், வீடு, வங்கி, கடன், கடைசியில் அவர் பற்றிய ஆவணங்கள். பக்க எண் தொடர்ச்சியாக இருக்கட்டும். அசல்கள் தனிக் கோப்பில் உங்கள் கையிலேயே இருக்கவேண்டும், குறியீடு செய்யும் நாளில் கேட்பார்கள். படிவத்தில் பொருந்தாத கட்டங்களை வெறுமனே விடாமல் ‘இல்லை’ என்று எழுதுங்கள். சாட்சிக் கூண்டில் ஏறுமுன் ஐந்து எண்கள் வாயில் நிற்கவேண்டும்: உங்கள் வருமானம், வாடகை, இரண்டு பிள்ளைகளின் வருடப் படிப்புச் செலவு, மாத மொத்தம். மீதிக்குத் தாளைப் பார்த்துச் சொல்ல அனுமதி கேட்கலாம்.

வக்கீல் கட்டணம் பாரமாக இருந்தால், பெண் என்பதே போதும், வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி கிடைக்கும். மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100-க்கும் அழைக்கலாம்.

உத்தரவு வந்தபின் மனுப் போட்ட தேதியிலிருந்தே தொகை கணக்கிடப்படுவதுதான் இப்போதைய நெறி. ஒரு பழைய டைரியில் மாதம், வரவேண்டியது, வந்தது என்று மூன்று பத்தி போட்டு எழுதி வாருங்கள். நின்றுபோன தொகைக்கு, அது கொடுக்கவேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வசூல் மனுப் போடவேண்டும். ‘சித்திரைக்குத் தர்றேன், ஆடிக்குத் தர்றேன்’ என்ற பேச்சில் அந்த ஒரு வருடம் ஓடிவிடும்.

மகளை அழைத்துப் போகவேண்டாம். ஜீவனாம்சக் கணக்குக்கு அவளுடைய பிறப்புச் சான்றும் பள்ளிச் சான்றும் வந்தால் போதும். பிள்ளைகளைப் பார்க்கவேண்டும் என்று நீதிபதியோ கவுன்சிலரோ தனியாகச் சொன்னால் அன்றைக்கு மட்டும் அழைத்துப் போங்கள், அதுவும் பரீட்சை நாளாக இருந்தால் வேறு தேதி கேளுங்கள்.